கடிக்காத கடிகாரம்

பெயரிலேயே ஒரு கடியை வைத்திருக்கிறது கடிகாரம்.
ஹால்ஷ்காவுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.
வூச் நகரில் அவள் பேசும் போலிஷ் மொழியில்
அதற்கு வேறு பெயர், பல் இல்லாத பெயர்.
ஆனாலும் கடித்தது.

ஜனவரி, செவ்வாய், காலை ஏழேகால்.
ஜெமோவித்தை இடப்பக்கமாகப் புரட்டும்போது
எஃகுப் பட்டையின் கொக்கி
அவர் தோளில் ஒரு கோடு இழுத்தது.
சின்னக் கோடுதான்.
வருஷக்கணக்கில் மாத்திரை தின்று
வெங்காயச் சருகாகிவிட்ட தோல்
அதற்கே காத்திருந்ததுபோல் திறந்துகொண்டது.

"வலிக்கவில்லை" என்றார்.
பொய்யில்லை.
கழுத்துக்குக் கீழே எதுவும் அவருக்கு வலிப்பதில்லை.
அதுதான் அவளுக்கு வலித்தது.

மாலையில் பாலூதிச் சந்தைக்குப் போனாள்.
கெர்வாசியின் கடை: பேட்டரி மாற்றப்படும்,
சாவி நகல் எடுக்கப்படும், கடன் கிடையாது.
பின்னல் உலோகப் பட்டை ஒன்றை எடுத்துத்
தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள்.
ரப்பர் பட்டையைக் கழுத்தில்.
மெல்லிசான தங்க முலாம் ஒன்றை
கண்ணை மூடி, இமையின் மேல்.
"அம்மணி, அதைக் கையில் கட்டுவார்கள்" என்றார் கெர்வாசி.
சாவிக்குக் காத்திருந்த ஒருத்தன் சிரித்தான்.

"யாருக்காவது பரிசா?"
"இல்லை. நான் கட்டிக்கொள்ளத்தான்."
"அப்படியென்றால் உங்கள் மணிக்கட்டுக்கு…"
"என் மணிக்கட்டுக்கு எதுவும் ஆகாது.
செருப்புக் கடித்தால்கூடப் பழகிவிடுகிற உடம்பு."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை.
ஒட்டுப்பட்டை வைத்தது ஒன்றைக் காட்டினார்.
பிரிக்கும்போது பர்ரென்றது. வேண்டாம்.
தோல்பட்டை. ஈரம் குடிக்கும். வேண்டாம்.
கடைசியில் அடி இழுப்பறையில்,
அறுந்த சங்கிலிகளுக்கும் பழைய ரசீதுகளுக்கும் கீழே,
எலாஸ்டிக் நெசவில் ஒற்றை வளையம்.
கொக்கி இல்லை, ஓட்டை இல்லை.
பிளாஸ்டிக் உடம்பு, கூழாங்கல் விளிம்பு,
திருகுகூட உள்ளே பதுங்கியிருந்தது.
நிறம்தான் ஆஸ்பத்திரிச் சுவர்ப் பச்சை.
எண்கள் சந்தை விலைப்பலகைபோல் பெரிசு பெரிசாக.
"பள்ளிக்கூடப் பிள்ளைகளே வேண்டாமென்ற சரக்கு" என்றார்.
இமையில் வைத்தாள்.
குளிரவில்லை.
நாற்பத்தொன்பது ஸ்வோத்தியை எண்ணி வைத்தாள்.

மறுநாள் ஜெமோவித் அதைப் பார்த்த முதல் பார்வையில்:
"ஒன்றரை நிமிஷம் பின்தங்குகிறது."
"உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"இப்போதுதான் கீழே டிராம் போனது."
இருபத்தாறு வருஷம் அந்தத் தடத்தில் ஓட்டியவர்.
திருத்தி வைத்தாள். வாதாடவில்லை.

தேநீருக்கு அவர் பிடரியைத் தாங்கும்போது
முகப்பு தலைமாட்டுச் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறது என்று
நான்கு நாள் கழித்துத்தான் கவனித்தாள்.
சுவருக்கு எதற்கு மணி?
கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டு
பிடரியை இடக்கைக்கு மாற்றிக் கோப்பையை வலக்கையில் பிடித்தாள்.
அன்றிலிருந்து ஒவ்வொரு மிடறுக்கும்
முகப்பு அவர் கண்ணுக்கு நேரே வருகிறது.
மணிக்கட்டு கன்னத்தில் பட்டால்
முகத்தை இழுத்துக்கொள்வதில்லை அவர்.

"ஏழு இருபத்து நான்கு" என்கிறார். "வரணும்."
வருகிறது.
சாசரில் கரண்டி நடுங்குகிறது.
சில நாள் வருவதில்லை;
அன்றைக்கு ஓட்டுகிற பையனை
நன்றாகத் திட்டிவிட்டு
முழுத் தேநீரையும் குடிக்கிறார்.

பிப்ரவரியில் சாவி ஒன்றுக்காகக் கடைக்குப் போனபோது
கெர்வாசி அவள் கையைப் பார்த்தார்,
தலைகீழாய்க் கட்டியிருந்ததைப் பார்த்தார்.
"எப்படி, வசதியாக இருக்கிறதா?"

ஹால்ஷ்கா கொஞ்சம் யோசித்தாள்.
"கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.